அத்தியாயம் 7: கம்பெனி ஊரில் கேமரா

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்தில் கேமரா கற்றுக்கொண்ட பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "வடபழனிப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கிடட்டுமா அண்ணா? அங்க போனாத்தானே ஏதாவது நடக்கும்?" போகலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று வருடங்களை இங்கேயே உழைத்துவிட்டுப் போங்கள் என்பதுதான் என் பதில். வடபழனியில் நீங்கள் ஆயிரத்தில் ஒருவர். இங்கே, நீங்கள் பஸ் ஏறும் நிறுத்தத்தைச் சுற்றியே, படம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் சென்னைக்குப் போன் போடும் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் கை தேர்ந்த ஒருவர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அதை அவர்களுக்கு எப்படித் தெரியவைப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஊரைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஹூண்டாய் 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. 1998-இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் 2010-இலும், பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர் 2012-இலும், ராயல் என்ஃபீல்டு 2013-இலும் வந்தன. செயின்ட் கோபைன், சாம்சங், அப்போலோ டயர்ஸ், யமஹா எல்லாம் இதே வட்டாரம்தான். உலகம் படமெடுக்கும் ஐபோன்கள் சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் பொருத்தப்படுகின்றன. இந்தப் பெரிய பெயர்களுக்குப் பின்னால் பிரஸ் ஷாப், பிளாஸ்டிக் மோல்டிங், வயரிங், பேக்கிங் என்று உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் சிப்காட் தெருக்கள் முழுக்க நிறைந்திருக்கின்றன. கேன்டீன் காண்ட்ராக்ட் எடுத்தவர், கம்பெனி பஸ் விடுபவர், ஹாஸ்டல் நடத்துபவர், கொரிய உணவகம் வைத்திருப்பவர் என்று அவர்களை ஒட்டிப் பிழைப்பவர்கள் இன்னொரு கூட்டம். இவர்கள் எல்லாருக்கும் படமும் வீடியோவும் வேண்டும்.

சின்னப் பட்டறையில் தொடங்குங்கள்

பெரிய கம்பெனியின் விளம்பரப் படம் புதியவருக்குக் கிடைக்காது. அதற்கு ஏஜென்சி இருக்கிறது, வெண்டர் பதிவு இருக்கிறது, பல அடுக்கு அனுமதி இருக்கிறது. அங்கே போய் மோதி மனம் சோர வேண்டாம். நாற்பது ஐம்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்குப் போங்கள். அங்கே முடிவெடுப்பவர் முதலாளி ஒருவர்தான். அவர் பெரும்பாலும் உள்ளேயே இருப்பார்.

அவருக்கு என்ன தேவை? முதலில் பொருளின் படம். இணையத்தில் விலைப்பட்டியல் போட்டிருப்பார். அதில் இருக்கும் படம் சிமென்ட் தரையில் வைத்துப் போனில் எடுத்தது. கடைந்த உலோகத்தைப் படம் எடுப்பது தனிக் கலை. பளபளக்கும் பரப்பு எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். உங்கள் சட்டை நிறம்கூட அதில் தெரியும். அதனால் பொருளைச் சுற்றி வெள்ளைத் தெர்மோகோல் நிறுத்தி, விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பரைக் கட்டி, வெளிச்சத்தைப் பெரிதாக்கி மென்மையாக்குங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் கறுப்பு அட்டை வையுங்கள். அந்தக் கறுப்புக் கோடுதான் விளிம்புக்கு உருவம் கொடுக்கும். ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 அல்லது எஃப்/11. துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைத் துடைத்த பிறகு கையுறை போட்டே தொடுங்கள். விரல் ரேகை படத்திலும் தெரியும், பாகத்திலும் கறையாக நிற்கும். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்யத் தெரிந்தால் ஒரு தெரு முழுக்க உங்களுக்கு வேலை இருக்கிறது.

இரண்டாவது, யாரும் கவனிக்காத ஒரு வேலை. ஒவ்வொரு லைனிலும் இயந்திரத்துக்கு மேலே ஒரு தாள் தொங்கும்: இந்தப் பாகத்தை இப்படிப் பிடி, இங்கே பொருத்து, இப்படி வந்தால் ஓகே, இப்படி வந்தால் என்ஜி (நாட் குட்). வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட் வருபவர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான். அதில் இருக்கும் படங்கள் பல இடங்களில் கலங்கியும் இருட்டியும் கிடக்கின்றன. நல்ல பாகத்தையும் கெட்ட பாகத்தையும் ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில், குறை இருக்கும் இடம் துலக்கமாகத் தெரியும்படி எடுத்துக் கொடுக்க, லைனில் நின்ற அனுபவம் உள்ளவரால்தான் முடியும். ஐ.டி.ஐ. படித்துவிட்டு அப்ரென்டிஸாக ஒரு வருடம் நின்றவருக்கு பர்ர் எனப்படும் விளிம்புப் பிசிறு என்றால் என்ன, வெல்டிங்கில் துளை விழுவது எப்படித் தெரியும் என்பதெல்லாம் அத்துப்படி. சென்னை ஸ்டூடியோக்காரருக்கு அது தெரியாது. உங்கள் பழைய வேலையை மறைக்காதீர்கள். அதுதான் உங்கள் தகுதிச் சான்று.

மூன்றாவது, பயிற்சி வீடியோ. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். வேலைக்குச் சேரும் நாளில் அவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர் தமிழில் பேசுகிறார். பாதி புரியாமல் போகிறது. தமிழிலும் இந்தியிலும் குரல் கொடுத்து, மூன்று நிமிடத்தில் இயந்திரத்தை எப்படி நிறுத்துவது, கை எங்கே போகக்கூடாது என்று காட்டும் வீடியோ ஒரு பட்டறைக்கு உண்மையாகவே உதவும். ஒரு விரலாவது தப்பும். பணத்துக்காக மட்டுமின்றி, இந்த வேலையை மனமாரச் செய்யுங்கள்.

கேட்டுக்குள்ளே போன பிறகு

பெரிய ஆலைகளின் கேட்டில் போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குள் கேமராவோடு போகும் ஒரே ஆளாக நீங்கள் இருப்பீர்கள். அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் இந்தச் சாலையில் எந்தக் கேட்டும் மறுபடி திறக்காது. எச்.ஆர். அதிகாரிகள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

கேமரா, லென்ஸ், கார்டு, பேட்டரி எல்லாவற்றையும் வரிசை எண்ணோடு தாளில் எழுதி, கேட் பாஸில் பதிந்துகொண்டு உள்ளே போங்கள். இல்லாவிட்டால் வெளியே வரும்போது உங்கள் லென்ஸையே உங்களால் எடுத்து வர முடியாது. சேஃப்டி ஷூ சொந்தமாக வாங்குங்கள். கேமராப் பட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். கையில் இறுக்கிச் சுற்றிக்கொள்ளுங்கள். மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடங்கள். ட்ரைபாட் வைக்கும் முன் அது டிராலியோ ஃபோர்க்லிஃப்டோ போகும் வழியா என்று கேளுங்கள். பெயின்ட் ஷாப்பில் காற்றில் கரைப்பான் ஆவி இருக்கும். அங்கே ஃபிளாஷும் சாதாரண மின்கருவியும் தீப்பொறிக்குச் சமம், எழுத்து அனுமதி இல்லாமல் தொடவே தொடாதீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் நிலைமின்சாரத்தைத் தடுக்கும் கோட்டும் செருப்பும் தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங் வெளிச்சத்தை நேராகப் பார்த்தால் கண் போகும். லேசர் வெட்டும் இயந்திரத்தின் கதிர் கேமரா சென்சாரையே பொசுக்கும்.

வெளிச்சம் பற்றி ஒரு குறிப்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். வீடியோவை நொடிக்கு 25 ஃபிரேமில் எடுங்கள். கூரையில் ஒரு நிறம், இயந்திரத்தில் ஒரு நிறம் என்று விளக்குகள் கலந்திருக்கும். சாம்பல் அட்டையை ஒவ்வோர் இடத்திலும் ஒரு முறை படம் எடுத்துக்கொண்டால் எடிட்டிங்கில் பாதி நேரம் மிச்சம்.

புதியவர்கள் அடிவாங்கும் இடம் வேறு. அழகான படம், நல்ல முகம், நல்ல வெளிச்சம். ஆனால் ஓரத்தில் ஒருவர் கண்ணாடி போடாமல் நிற்கிறார். அந்தப் படத்தைச் சேஃப்டி அதிகாரி பார்த்த உடனே தள்ளிவிடுவார். ஷட்டரை அழுத்தும் முன் ஃபிரேமில் இருக்கும் ஒவ்வொருவரின் தலை, கண், கை, கால் நான்கையும் பாருங்கள். பிறகு பின்னணி: வெள்ளைப் பலகையில் உற்பத்திக் கணக்கு, திரையில் பாக எண், மூடிவைத்த புது மாடல். இதில் ஏதாவது விழுந்திருந்தால் நீங்களாகவே சொல்லி நீக்குங்கள். கம்பெனி கேட்காமலே இதைச் செய்பவரை மறுபடி கூப்பிடுவார்கள்.

கூப்பிடும் காலமும் உண்டு. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். அந்த வாரம் எல்லா ஆலையிலும் விழா. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு மரம் நடுவார்கள். ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்கெல்லாம் மாலை போட்டு, தொழிலாளியும் மேலாளரும் ஒன்றாக நிற்பார்கள். வருடத்தில் படத்துக்கு இதைவிட நல்ல நாள் இல்லை. பொங்கல், ஆண்டு விழா, குடும்ப தினம். இவற்றுக்கு ஒரு மாதம் முன்பே எச்.ஆர்.-இல் போய்ப் பேசுங்கள். முந்தின நாள் போனால் ஏற்கெனவே ஆள் பேசியிருப்பார்கள்.

சி.எஸ்.ஆர். எனப்படும் நிறுவன சமூகப் பொறுப்பு வேலை தனி. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக் கழிவறை, ஏரி தூர்வாருதல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கருவி என்று அந்தப் பணம் சுற்றுக் கிராமங்களுக்கு வருகிறது. செய்ததைக் காட்டப் படம் வேண்டும். ரிப்பன் வெட்டும் படத்தை யாரும் எடுப்பார்கள். வேலை தொடங்கும் முன் ஒரு படம், நடுவில் ஒன்று, முடிந்து ஆறு மாதம் கழித்து ஒன்று, மூன்றும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் எடுத்துக் கொடுப்பவர் அரிது. அந்தக் கிராமத்துக்காரர் நீங்கள் என்றால் அது உங்களுக்கு எளிது; வெளியூர்க்காரர் மூன்று தடவை வண்டி கட்டிக்கொண்டு வரமாட்டார்.

மண்டபம், மைதானம்

கல்யாண வேலை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதற்கு வழிகாட்ட ஊருக்கு ஊர் ஆள் உண்டு. வல்லக்கோட்டை, குன்றத்தூர் முருகன் கோயில்களிலும் சுற்றியுள்ள மண்டபங்களிலும் முகூர்த்த நாளில் செகண்ட் கேமராவுக்கு ஆள் தேவைப்படும். முதல் வருடம் அப்படியே போங்கள். கூட்டத்தில் சுருக்காக நகரவும், ஒரு முறைதான் நடக்கும் தாலிகட்டைத் தவறவிடாமல் பிடிக்கவும் வேறெங்கும் இவ்வளவு வேகமாகக் கற்க முடியாது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. கல்யாணத்தை மட்டும் நம்பியவர் அந்த மாதங்களில் கேமரா ஈ.எம்.ஐ. கட்டக் கடன் வாங்குகிறார். கம்பெனி வேலையும் கல்யாண வேலையும் சேர்ந்தால்தான் வருடம் முழுக்க வருமானம் ஓடும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொன்று, இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த, 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தடத்தில் தேசிய அளவில் கார், பைக் பந்தயங்கள் நடக்கின்றன. பல விளையாட்டுப் போட்டோகிராபர்கள் ரயிலேறி வந்து எடுக்கும் இடம், உங்களுக்கு ஷேர் ஆட்டோ தூரம். முதலில் பார்வையாளர் பகுதியிலிருந்து பழகுங்கள். வண்டியோடு சேர்த்து கேமராவைத் திருப்பி, 1/125-இல் தொடங்கி, கை பழகப் பழக 1/60 வரை இறங்குங்கள். சக்கரம் சுழல வேண்டும், ஓட்டுநரின் தலைக்கவசம் தெளிவாக நிற்க வேண்டும். கொஞ்சம் நல்ல படங்கள் சேர்ந்ததும் அணிகளுக்கு அனுப்புங்கள். சின்ன அணிகளுக்கும் புதிய ஓட்டுநர்களுக்கும் ஸ்பான்சரிடம் காட்டப் படம் தேவை. அவர்கள்தான் முதலில் பணம் தருவார்கள். தடத்தின் ஓரத்தில் நின்று எடுக்க அமைப்பாளரின் அனுமதி அட்டை வேண்டும். அது இல்லாமல் வேலி தாண்டாதீர்கள்.

டிரோன் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதை வணிக வேலைக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஆலைக்கு மேல் பறக்கவிட அந்த ஆலையின் எழுத்து அனுமதியும் தேவை. பக்கத்து ஆலை ஃபிரேமில் விழுந்தால் அதுவும் பிரச்சினை.

பணமும் தாளும்

திறமையுள்ள பல பிள்ளைகள் இந்தத் தொழிலை விட்டுப் போனது படம் சரியில்லாததால் அல்ல, பேலன்ஸ் வராததால். ஆகவே இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

கூலி குறிக்கும் முன் உங்கள் செலவைத் தெரிந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு, கேமரா, லென்ஸ், விளக்கு, ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய். 3 வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,500. மாதம் 5 வேலை என்றால், ஒரு வேலைக்குக் கருவிச் செலவே 500 ரூபாய். அதன்மேல் பெட்ரோல், எடிட்டிங் நேரம், உதவியாளர். எடுக்கும் நாள் ஒன்று, எடிட் செய்யும் நாள் இரண்டு என்பதை மறந்து ஒரு நாள் கூலி மட்டும் சொல்பவர்கள் ஆறு மாதத்தில் களைத்துப்போகிறார்கள். முதல் கேமராவைப் பழையதாகவே வாங்குங்கள். பெரிய லென்ஸை வாடகைக்கு எடுங்கள். ஈ.எம்.ஐ.யில் புதுக் கேமரா என்பது வேலை கையில் வந்த பிறகு.

உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் போகாதீர்கள். அந்தப் பதிவு இருந்தால் நீங்கள் சட்டப்படி ஒரு குறுநிறுவனம். 2006-ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி உங்களிடம் வேலை வாங்கியவர், ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளுக்குள், எப்படிக் குறித்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. இதற்கென்று அரசின் இணையப் புகார் தளமும் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், உங்களைப் போன்ற சிறியவர்களுக்கு உரிய காலத்தில் பணம் தராத கம்பெனி, பணத்தைக் கொடுக்கும் வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. அதனால் பில்லின் மேலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்தாலே உங்கள் பில் மேலே வரும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகக் கட்டாயம் இல்லை. கம்பெனி பிடித்துக்கொள்ளும் டி.டி.எஸ். உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வரி கட்ட வேண்டாத வருமானம் என்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதைக் கேட்காமல் விட்டவர்கள் ஏராளம்.

பி.ஓ. எனப்படும் பர்ச்சேஸ் ஆர்டர் வராமல் வேலை தொடங்காதீர்கள். சின்னப் பட்டறையில் பி.ஓ. இருக்காது, வாட்ஸ்அப்பிலாவது எத்தனை படம், எந்த நாள், எவ்வளவு ரூபாய், பாதி அட்வான்ஸ் என்று எழுதி, "சரி" என்ற பதிலை வாங்குங்கள். அதோடு இன்னொரு வரியும் வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே. எடுத்தவர் அல்ல. போட்டோகிராபர்களில் பலருக்கு இது தெரியாது. உங்கள் பெயர் படத்தோடு வர வேண்டும், உங்கள் தொகுப்பில் காட்ட அனுமதி வேண்டும், படத்தை வேறு கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று எது வேண்டுமானாலும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கம்பெனிக்குள் எடுத்த படம் என்றால் தொகுப்பில் காட்ட மறுப்பார்கள், அது நியாயம். அப்போது காட்டக்கூடிய ஐந்து படத்தையாவது சேர்ந்து தேர்ந்து தரச் சொல்லுங்கள்.

அசல் கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். தேதியையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அந்த இடத்தில் கிடந்த கேமராவின் பிலிம் சுருள்தான் விசாரணைக்கு முதல் பெரிய பிடி கொடுத்தது. படம் எப்போது சாட்சியாகும் என்று எடுப்பவருக்கு அப்போது தெரியாது.

ஷிஃப்ட்டுக்கு நடுவே

கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கேமராவைப் பிடிக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு: ஆறு மாதச் செலவு கையில் சேரும் வரை விடாதீர்கள். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் செபஸ்தியோ சல்காடோ பொருளாதாரம் படித்தவர். லண்டனில் சர்வதேச காபி அமைப்பில் வேலை செய்தபடி ஆப்பிரிக்காவுக்குப் பணிப்பயணம் போனபோதுதான் கேமராவைத் தூக்கினார். 1973-இல்தான் வேலையை விட்டார். உழைப்பாளிகளைப் பற்றி அவர் 1993-இல் வெளியிட்ட பெரும் புகைப்பட நூலில், வேலை என்பது எப்படி நடக்கிறது என்று அறிந்த ஒருவரின் கண் தெரிகிறது. அந்த அறிவு லைனில் நிற்கும் உங்களுக்கும் இருக்கிறது.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்காமல் கல்யாணத்துக்குப் போகாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும் அந்தச் சாலை லாரிகள் ஓடும் சாலை. வார லீவில் ஒரு வேலை மட்டும்; மற்ற நாளில் ஒரு மணி நேரம் எடிட்டிங். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் கிடைக்கும் மாலை வெளிச்சம் பழகுவதற்குப் போதும்.

படிக்க நினைப்பவர்களுக்கு வழி அருகிலேயே இருக்கிறது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி பெரியமேட்டில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. அதே சாலைதான் மேற்கே நீண்டு உங்கள் ஊருக்கு வருகிறது. ஓவியம், சிற்பம், காட்சிவழித் தொடர்பு எல்லாம் அங்கே பட்டப்படிப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, அனிமேஷன் படிக்கத் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்டும் முன் இந்த இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால், 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் எடிட்டிங், வடிவமைப்புப் பாடங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2016 முதல் நடந்துவரும் சென்னை போட்டோ பியெனாலே கண்காட்சி வரும்போது ஒரு நாள் முழுக்கப் போய் நின்று பாருங்கள். போனில் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுவரில் தொங்கும் படம் வேறு பாடம் சொல்லும்.

செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருப்பதால் சினிமா செட்டில் உதவியாளராகப் போக வாய்ப்பு வரும். போய்ப் பாருங்கள். ஆனால் 2020 பிப்ரவரியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து 3 பேர் இறந்தது அங்கேதான். ஆலையில் கற்ற பாதுகாப்புப் பழக்கத்தை செட்டுக்கும் எடுத்துப்போங்கள். தொங்கும் பாரத்துக்குக் கீழே நிற்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு நம் வேலையைப் பறித்துவிடுமா என்றால், ஒரு பகுதியைப் பறிக்கும். வெள்ளைப் பின்னணியில் வைத்த பொருளுக்கு மலையும் கடலும் போட இனி ஆள் தேவையில்லை. இன்ன தேதியில் இன்ன பள்ளியில் இந்தக் குழாயில் தண்ணீர் வந்தது என்பதை அது எடுத்துத் தராது. நடந்ததைப் பதிவுசெய்யும் வேலையின் பக்கம் சாயுங்கள்.

கூலியில்லாத வேலை

பிழைப்புக்கு எடுக்கும் படங்கள் கம்பெனிக்குச் சொந்தம். உங்கள் பெயர் நிற்பது நீங்களாக எடுத்த படங்களால். எம். பழனிக்குமார் மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், மீன் விற்ற தாயின் மகன். அவர் தூரதேசம் போய்ப் படம் தேடவில்லை. தன்னைச் சுற்றியிருந்த உழைக்கும் பெண்களையும், துப்புரவுத் தொழிலாளர்களையும், தன் அம்மாவையும் எடுத்தார். மலக்குழி மரணங்களைப் பேசிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பாரி எனப்படும் ஊரக மக்கள் ஆவணக் காப்பகத்தில் புகைப்படக் கலைஞராகி, 2022-இல் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதை முதல் ஆளாகப் பெற்றார். பெற்றதைப் பிள்ளைகளுக்குப் புகைப்பட வகுப்பாகத் திருப்பித் தருகிறார். தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைத் தொடங்கும் எவரும் அவர் படங்களை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உங்களைச் சுற்றி என்ன இருக்கிறது? 2006-இல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. அதில் இளமையைக் கழித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள், அவர்கள் வீட்டு அலமாரியில் இன்னும் அந்த அடையாள அட்டை இருக்கிறதா? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு பெண்களுக்கான விடுதி திறந்தது. ஊரை விட்டு முதல் முறை வந்த பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது? பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் கேட்கப்பட்ட ஏகனாபுரத்தில் வயல் இந்தப் பருவம் எப்படி இருக்கிறது? 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது செய்தி நிறுவனங்கள் வந்து எடுத்துவிட்டுப் போயின. அதற்கு முன்னும் பின்னும் இருந்த நாட்களை எடுக்க ஊரில் ஒருவர் வேண்டும். சித்திரைத் திருவாதிரையில் ராமானுஜர் வீதிவலம் வரும் தெருவில் இந்தி பேசும் இளைஞர்கள் நின்று கும்பிடுகிறார்களே, அதுவும் இந்த ஊரின் வரலாறுதான்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தைக் காட்டலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஹாஸ்டல் பெண்களின் படத்தை அவர்கள் சம்மதமில்லாமல் இன்ஸ்டாகிராமில் போட்டால் அவர்களுடைய வேலைக்கும் வீட்டுக்கும் ஆபத்து. கம்பெனி தரும் வேலையில் உள்ளே பார்த்ததை இந்த வேலையில் கலக்காதீர்கள். எடுத்த படத்தில் நல்லதைப் பிரின்ட் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள்; அடுத்த முறை கதவு திறக்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, இடம், அவர் விரும்பினால் பெயர், என்ன வேலை செய்கிறார் என்று தமிழில் எழுதுங்கள். இருபது படம் சேர்ந்ததும் ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ மாட்டி, படத்தில் இருப்பவர்களை முதலில் கூப்பிடுங்கள். கயிறும் கிளிப்பும் போதும், கேலரி வேண்டாம். உங்கள் அடுத்த வார லீவு என்றைக்கு வருகிறதோ, அன்றைக்கே முதல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.